குழாயில் வரும் கடல்

அறுபத்தெட்டு மணி நேரத்தில் மூன்று கல்லூரிகளைப் பார்த்து முடித்திருந்தோம். மூன்றாவது பாஸ்டனுக்குப் பக்கத்தில். அங்கிருந்து மேற்கே திரும்பினால் ஓஹையோ, எங்கள் வீடு. நாலாவது கல்லூரி வடகிழக்கே, மெய்ன் கடற்கரையில், ஐந்து மணி நேரப் பயணம்.

"அதுவும் போற வழியிலதான் இருக்கு" என்று சொல்லி அதைச் சேர்த்தது நான்.

"வழி கொஞ்சம் வளைஞ்சு போகுதே, கோரா" என்றாள் அம்மா. அதற்குமேல் கேட்காமல் பெட்ரோல் போட்டாள்.

வெஸ்ஸும் நானும் இரட்டையர். அவன் சில நிமிடங்கள் மூத்தவன். அந்தப் பதவியை இன்னும் விடவில்லை. ஒரே கல்லூரி, இருவருக்கும் பொறியியல், எங்கள் பழைய காரில் சேர்ந்தே போய் வருவது. இது அவனுடைய திட்டம். நான் மறுத்துப் பேசாததால் எங்கள் திட்டம் ஆகிவிட்டது.

எனக்கு வேண்டியது கடல் உயிரியல். நாலாவது கல்லூரியில் பொறியியலே கிடையாது. அது வெஸ்ஸுக்குத் தெரியாது. திங்கட்கிழமை பள்ளி ஆலோசகரிடம் எந்தெந்தக் கல்லூரி என்று சொல்ல வேண்டும். வெஸ்தான் பேசுவான், இருவருக்கும் சேர்த்து. அதற்குள் நான் வாயைத் திறந்தாக வேண்டும்.

எந்தக் கல்லூரியிலும் சுற்றிக்காட்டும் மாணவர் முதலில் எல்லோரையும் வட்டமாக நிற்கவைத்து பேர், ஊர், என்ன படிக்க ஆசை என்று கேட்பார். மூன்று இடத்திலும் வெஸ் முந்திக்கொண்டான். "நான் வெஸ், இவ கோரா. சேன்ஸ்வில். ரெண்டு பேருக்கும் இன்ஜினியரிங்." மூன்று முறையும் தலையாட்டினேன்.

நாலாவது இடத்தில் சுற்றிக்காட்ட வந்த மாணவி ஜோனி. மழைக்கோட்டும் ரப்பர் பூட்ஸும் போட்டிருந்தாள்.

"இதுதான் எனக்கு முதல் டூர். உங்களைப் பாத்துக்கிட்டே பின்பக்கமா நடக்கச் சொல்லிக் குடுத்தாங்க. நிக்கறது எப்படின்னு சொல்லித் தரல. சுவர் வந்தா சத்தம் போடுங்க."

வட்டமாக நிற்கவைக்காமலே நடக்க ஆரம்பித்துவிட்டாள்.

"அதோ நீல விளக்குக் கம்பம்" என்று வெஸ் என் காதில் முணுமுணுத்தான். "மத்த மூணு காலேஜுல சொன்ன மாதிரியே இவளும் இப்ப 'ஆபத்துன்னா பொத்தானை அழுத்துங்க'ம்பா பாரு."

"ஆபத்துன்னா இந்தப் பொத்தானை அழுத்துங்க" என்றாள் ஜோனி.

"சும்மா இருடா" என்ற அம்மாவும் சிரித்துவிட்டாள். பிறகு ஜோனியிடம், "இங்க சாப்பாடு எப்படிம்மா?"

"வெள்ளிக்கிழமை மீன் சூப் பிரமாதமா இருக்கும்."

"மத்த நாள்ல?"

"மத்த நாள்ல வெள்ளிக்கிழமைக்காகக் காத்திருப்போம்."

ஆய்வகம் நீர்க்கரையிலேயே இருந்தது. உள்ளே உப்பு வாடை. தொட்டிக்கு மேலே இரண்டு குழாய்கள். "இது குடிதண்ணி. இது கடல். நேரா விரிகுடாவுலேர்ந்து வருது. யாராவது திறந்து பாக்கறீங்களா?" என்றாள் ஜோனி.

நான் ஏற்கெனவே குழாய்ப்பக்கம் போயிருந்தேன்.

திறந்தேன். கடல் வந்தது. விரல் எலும்புவரை குளிர்ந்தது. விரல் நுனியை நாக்கில் வைத்தேன். உப்பு. ஜோனி தொட்டியிலிருந்து முள் பந்துபோல் உருண்டையான ஒரு கடல் முள்ளெலியை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தாள். முட்களுக்கு நடுவிலிருந்து நூல்போன்ற கால்கள் நீண்டு, ஒவ்வொன்றாக என் தோலைப் பிடித்துக்கொண்டன. படத்தில் எத்தனையோ முறை பார்த்தவை.

"ஐயே, கடிக்கப் போகுதுடி" என்றான் வெஸ். "சரி, இன்ஜினியரிங் பக்கம் எப்பக் கூட்டிட்டுப் போவாங்க?"

அம்மா என் கையைப் பார்த்தாள், பிறகு என் முகத்தை.

"அய்யய்யோ!" ஜோனி நெற்றியில் அடித்துக்கொண்டாள். "உங்க பேரையெல்லாம் கேக்கவே மறந்துட்டேனே! வட்டமா நில்லுங்க. பேரு, ஊரு, என்ன படிக்கப் போறீங்க?"

"நான் வெஸ், இவ..."

"நானே சொல்லிக்கறேன்டா."

முள்ளெலி இன்னும் என் கையை விடவில்லை.

"என் பேரு கோரா ஹாலர். ஊரு சேன்ஸ்வில். நான் கடல் உயிரியல் படிக்கப் போறேன், இந்தக் காலேஜுல. இவன் என் அண்ணன். இவன் வேற காலேஜுக்குப் போறான். அது அவனுக்கு இப்பத்தான் தெரியும்."