குண்டுக்கு வைத்த பொட்டு

ஆயுத பூஜைக்கு மறுநாள் காலை சில்வியா வேலைக்கு வந்தபோது, அணுகுண்டு இரண்டுக்கும் யாரோ பொட்டு வைத்திருந்தார்கள்.

நிஜக் குண்டுகள் அல்ல. தகரத்தில் அடித்து வண்ணம் பூசிய, அதே அளவு மாதிரிகள். ஒகேனக்கல் போகிற வழியில் பென்னாகரத்தைத் தாண்டியிருக்கும் அந்தச் சிறிய அறிவியல் காட்சியகத்தில் கூட்டம் நிற்பதெல்லாம் அவற்றின் முன்னால்தான். வருகிறவர்கள் கேட்பதற்குப் பதில் சொல்வது சில்வியாவின் வேலை. ஹிரோஷிமாவில் போட்டது நீளம். நாகசாகியில் போட்டது உருண்டை. இரண்டிலும் சந்தனம், குங்குமம், சாமந்தி மாலை.

“மாரப்பண்ணா, யாரு வேல இது?”

“நாந்தானுங்க,” என்றார் காவலாளி மாரப்பன். “ஜெனரேட்டரு, மோட்டாரு, சாரோட பைக்கு, எல்லாத்துக்கும் வெச்சேன். இத மட்டும் எப்படி வுடறது? இதுவும் ஆயுதந்தானுங்களே.”

“எடுத்துடுங்க.”

பொறுப்பாளர் மாதவராஜ் அறையிலிருந்து எட்டிப் பார்த்தார். “இருக்கட்டும்மா. லீவு நாளு, ஜனங்க போட்டோ புடிப்பாங்க. நீங்க மட்டும் கை வெச்சுடாதீங்க. உங்க கிறிஸ்தவப் பேரைச் சொல்லியே வம்பு வளப்பாங்க. எடை, நீளம், வருஷம், அதோட நிறுத்திக்குங்க.”

அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. ஆனால் சில்வியாவின் கணவன் ஆரோக்கிய பிரவீன் கல்குவாரி வெடியில் இறந்து இன்னும் ஒரு வருடம் ஆகவில்லை. சவப்பெட்டியை ஆணி அடித்தேதான் கொண்டுவந்தார்கள். வெடிக்கு மாலை போட்டிருப்பதை அவளால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. தான் தொடக் கூடாது, வைத்த கையே எடுக்க வேண்டும், அதுவும் இன்றைக்கே.

“கூட்டம் நெருக்கும். என் பக்கத்துலயே நில்லுங்கண்ணா,” என்றாள் மாரப்பனிடம்.

நெருக்கத்தான் செய்தது. “உள்ள மருந்து இருக்குதுங்களா?” “தட்டுனா வெடிக்குமா?” “மைலேஜ் எவ்ளோங்க?” என்று ஒருவன் கேட்க, நண்பர்கள் சிரித்தார்கள்.

“விமானத்துல கொண்டுபோய் ஒரே தடவ போட்டது, தம்பி. ஊருக்கு மேல ஆகாசத்துலயே வெடிச்சுது. ஆபீஸுக்குப் போறவங்க, சண்டைக் கால வேலைக்குன்னு கூட்டிட்டு வந்த பள்ளிக்கூடப் புள்ளைங்க, எல்லாம் வெளிய இருந்த காலை நேரம்,” என்றாள் சில்வியா, நீளக் குண்டைக் காட்டி.

சிரிப்பு நின்றது. மாரப்பன் தான் போட்ட மாலையைத் திரும்பிப் பார்த்தார்.

சித்தேரியிலிருந்து குடும்பத்தோடு வந்திருந்த பாஞ்சாலி உருண்டைக் குண்டைப் பார்த்து முதலில் கும்பிட்டாள். பிறகு கேட்டாள். “இது யாரு மேல வுழுந்துச்சு, கண்ணு?”

“ஊரு மேலதாங்கக்கா. மொதல்ல வேற ஊருக்குத்தான் கொண்டுபோனாங்க. அங்க மேகமும் பொகையுமா இருக்க, இந்த ஊருக்குத் திருப்பிட்டாங்க. இந்த ஊருல எங்க கிறிஸ்தவ ஆளுங்க நெறைய. மாதா திருநாள் வருதுன்னு பாவசங்கீர்த்தனம் பண்ண, செஞ்ச பாவத்தச் சொல்லி மன்னிப்புக் கேக்க, மாதா கோயில்ல இருந்தாங்க. சாமியாரு உட்பட யாரும் மிஞ்சல.”

“அடக்கம் பண்றதுக்காச்சும் கெடச்சுதா?”

அந்தக் கேள்வியை இதுவரை யாரும் கேட்டதில்லை. மாதவராஜின் அறைக் கதவு திறந்தே இருந்தது. சில்வியா குரலைத் தாழ்த்தவில்லை.

“பல பேருக்குக் கெடைக்கலீங்க. ரெண்டு ஊருலயும் யாரு எலும்புன்னு தெரியாம ஒண்ணாச் சேத்து வெச்சாங்க. என் வூட்டுக்காரரும் வெடியிலதான் போனாரு. பெட்டியத் தொறக்க வேணாம்னுட்டாங்க. உள்ள எவ்ளோ இருந்துச்சுன்னு எனக்கு இன்னிக்கும் தெரியாதுங்க.”

பாஞ்சாலி அவள் கையைப் பிடித்தாள்.

மாரப்பன் அங்கிருந்து போனார். திரும்பி வந்தபோது கையில் வாளியும் ஈரத்துணியும் இருந்தன. மாலைகளைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டார். உருண்டைக் குண்டைத் துடைத்தார். பிறகு நீளக் குண்டை. போட்டோவுக்காக வரிசையில் நின்ற ஒருவர் முணுமுணுத்தார்.

மாதவராஜ் வெளியே வந்தார். “யாரக் கேட்டு எடுத்தே?”

“வெச்சவன் எடுத்தேனுங்க சார்.”

மாதவராஜ் சில்வியாவைப் பார்த்தார். “உங்ககிட்ட என்ன சொன்னேன்? எடை, நீளம்…”

“அதையும் சொல்றேன் சார். கேக்கறது எல்லாத்துக்கும் சொல்றேன்.”

கூட்டம் பார்த்துக்கொண்டிருந்தது. மாதவராஜ் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

“அடுத்து யாருங்க?” என்றாள் சில்வியா. “கேளுங்க.”