துறவிக்கு வாள் ஆகாது

புருஷன் வீட்டிலிருந்து ஒரு துணிப்பையோடு வந்தவளுக்கு அக்கா வீட்டில் பின்னறை கிடைத்தது. கொஞ்ச நாளில் மருந்துக்கடை ஒன்றில் வேலையும் கிடைத்தது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்தை மட்டும் என்ன செய்வதென்று இளையவளுக்குத் தெரியவில்லை. அவள் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததைக் கண்டு, நீயும் வந்து ஆடேன் என்று கூப்பிட்டவர் அக்காவின் கணவர்தான்.

சாப்பாட்டு மேசையில்தான் ஆட்டம். அத்தான் கதை சொல்வார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகி அந்தக் கதைக்குள் நடமாடுவார்கள். கதவை உடைப்பதா, காவல்காரனிடம் பொய் சொல்வதா என்பது அவரவர் முடிவு. அது பலிக்குமா என்பதைப் பகடை சொல்லும். அக்கா அதில் மந்திரக்காரி. எதிர்வீட்டு எலெக்ட்ரீஷியன், எல்லோரும் மின்னல் என்று கூப்பிடும் ஆள், வில்லாளி. இளையவள் விதிப்புத்தகத்தைப் புரட்டிவிட்டுத் துறவியைத் தேர்ந்தெடுத்தாள்.

"துறவி கையில ஒண்ணுமே இருக்காதேம்மா" என்றார் மின்னல்.

"பரவாயில்லண்ணே. பழக்கம்தான்."

புத்தகத்தில் துறவிக்கு ஒரு பக்கம் முழுக்கத் தடைகள். கவசம் ஆகாது. கேடயம் ஆகாது. நீண்ட வாளையோ கோடரியையோ கையில் எடுத்தால் அந்தக் கணமே வேகமும் போகும், வெறுங்கையால் அடித்து வீழ்த்தும் வித்தையும் போகும். தடி, குறுங்கத்தி, மடத்தில் புழங்கும் உலக்கை, கயிறு இவ்வளவுதான் அனுமதி. அவளுடைய துறவி வயற்காட்டிலிருந்து மடத்துக்குப் போனவள். அதனால் கதிர் அறுக்கும் அரிவாள் ஒன்று வேண்டுமென்று கேட்டாள். அத்தான் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு அந்தப் பக்கத்தை வரிவரியாகப் படித்தார். உலக்கை இருக்கிறது, அரிவாள் இல்லை என்றார். இல்லாததை இன்றைக்கு உனக்குக் கொடுத்தால் நாளைக்கு மின்னல் பீரங்கி கேட்பான் என்றார். எல்லோரும் சிரித்தார்கள்.

அன்றைக்கு அவள் நிம்மதியாகத் தூங்கினாள். அவள் விட்டுவந்த வீட்டில் கதவைத் தாழிட்டிருந்தால் யாரை உள்ளே வைத்திருக்கிறாய் என்று அடி விழும். தாழிடாவிட்டால் யாருக்காகத் திறந்து வைத்தாய் என்று விழும். நேற்றைய சரி இன்றைக்குக் குற்றம். இங்கே ஒரு மனிதர் பக்கத்தைத் திறந்து காட்டி இல்லை என்கிறார், அந்த இல்லை அடுத்த வாரமும் அதே இல்லையாக இருக்கிறது. பெண்டாட்டி கெஞ்சினாலும் அத்தான் ஒரு புள்ளி கூட்டிக் கொடுத்ததில்லை. கூட்டாளியைக் கூட்டாளி அடிக்கக் கூடாது என்று அவரே போட்ட விதியை யாரும் மீறியதும் இல்லை. அவள் அத்தானைச் சாமிக்குச் சமமாக வைத்திருந்தாள்.

அத்தானுக்குச் சரக்குக் கிடங்கில் உதவி மேலாளர் வேலை. புதிதாகத் திறக்கும் கிளைக்கு யாரைப் பொறுப்பாளராகப் போடுவது என்ற பேச்சு கிளம்பியிருந்த சமயத்தில், கிடங்கின் மேலாளர் இந்த ஆட்டத்தைப் பற்றிக் கேள்விப்பட்டு நானும் வருகிறேன் என்றார். அந்த ஞாயிற்றுக்கிழமை அக்கா காலையிலிருந்தே வீட்டைத் துடைத்தாள். நாற்காலிகளில் ஆடாதது ஒன்றுதான். அது மேலாளருக்குப் போனது.

அவரும் துறவியைத்தான் எடுத்தார். படத்தில் மொட்டைத்தலை கம்பீரமாக இருக்கிறதாம். பிறகு நீண்ட வாள் ஒன்று கேட்டார். இரும்புக் கவசமும் கேட்டார்.

அத்தான் புத்தகத்தைத் திறக்கவில்லை. "தாராளமா எடுத்துக்குங்க சார்" என்றார்.

இளையவள் தான் சரியாகக் கேட்டோமா என்று மின்னலைப் பார்த்தாள். அவர் தன் பகடையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கவசம் போட்டால் வேகம் போய்விடும் இல்லையா என்று அவள் மெதுவாகத்தான் கேட்டாள். சாருடைய துறவி தனி ரகம், அதெல்லாம் போகாது என்றார் அத்தான். மேசைக்கு அடியில் அக்காவின் கால் அவள் காலை அழுத்தியது.

ஆட்டம் ஓடியது. அரக்கர்கள் கிடைக்கும்வரை மேலாளருக்குப் பொறுமையில்லை. பாலத்தில் வரிசையாக நடந்துகொண்டிருந்தபோது, இந்த வாள் எப்படி வெட்டும் என்று பார்க்க வேண்டும், முன்னால் போகிற துறவியை ஒரு வெட்டு வெட்டுகிறேன் என்றார். மின்னல் சிரித்தார். பிறகு, அவர் நிஜமாகத்தான் சொல்கிறார் என்று தெரிந்து நிறுத்திக்கொண்டார்.

எல்லோரும் அத்தானைப் பார்த்தார்கள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"உருட்டுங்க சார்."

பகடை நன்றாக விழுந்தது. இரண்டாவது முறையும் நன்றாக விழுந்தது. அவளுடைய துறவி, மடம் எரிந்தபோது குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு ஓடியவள், ஊமை ராஜாவைத் தடியாலேயே மண்டியிட வைத்தவள், பின்னாலிருந்து வெட்டுப்பட்டுப் பாலத்திலிருந்து ஆற்றில் விழுந்தாள். மேலாளர் தொடையைத் தட்டிச் சிரித்துவிட்டு, "சும்மா தமாஷ்தாம்மா, வேற ஒண்ணு செஞ்சுக்க" என்றார்.

அவள் டம்ளர்களை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனாள். பின்னாலேயே அக்கா வந்து குழாயைத் திறந்துவிட்டாள். வெளியே கேட்காமல் இருக்கத்தான்.

"முகத்தை ஏன் அப்படி வச்சிருக்க? இந்தத் தடவை அவருக்குக் கிடைக்கலைன்னா இனிமே இல்ல. கொஞ்சம் அனுசரிச்சுப் போயேன்."

இளையவள் டம்ளர்களைக் கழுவத் தொடங்கினாள். வீங்கிய உதட்டோடு முதல்முறை பிறந்த வீட்டுக்குப் போனபோது அம்மாவும் இந்த வார்த்தையைத்தான் சொல்லித் திருப்பியனுப்பினாள். அக்காவுக்கு அது தெரியும். அன்றைக்குப் பக்கத்தில்தான் நின்றிருந்தாள்.

மாதம் முடிவதற்குள் மருந்துக்கடைக்கு மேலேயே ஓர் அறை பார்த்துக்கொண்டாள். ஆட்டத்தில் செத்த ஒரு பொம்மைக்காக யாராவது வீட்டைவிட்டுப் போவார்களா என்று அக்கா கேட்டாள். பொம்மைக்காகப் போகவில்லை என்று மட்டும் சொன்னாள். அத்தான் பையைத் தூக்கிக்கொண்டு தெருமுனைவரை வந்தார்.

புதிய கிளைக்கு மேலாளர் தன் மச்சானைப் போட்டார். இதை மின்னல்தான் இருமல் மருந்து வாங்க வந்தபோது சொன்னார். ஆசை காட்டி மோசம் செய்துவிட்டான் என்றார். ஆட்டமும் நின்றுபோயிற்றாம். தனக்குச் சந்தோஷம் வரும் என்று அவள் எதிர்பார்த்தாள். வரவில்லை.

பிறகு ஒருநாள், கடையில் கூட்டம் இல்லாத வேளையில், அத்தானே வந்தார். சவரம் செய்திருக்கவில்லை. தலைவலிக்கு மாத்திரை கேட்டார். அவள் எடுத்துக் கொடுத்தாள். அவர் போகாமல் நின்றார்.

"அன்னைக்கு நடந்ததைக் கணக்குல சேக்க வேணாம். ஆத்துல விழுந்த துறவி நீந்திக் கரை ஏறிட்டாள்னு வச்சுக்கலாம். ஞாயித்துக்கிழமை வாம்மா."

"அந்த வேலை உங்களுக்குக் கிடைச்சிருந்தா இப்ப வந்திருப்பீங்களா அத்தான்?"

அவர் மாத்திரை அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பொய் சொல்லியிருக்கலாம். அவள் அதையும் ஏற்றுக்கொண்டிருப்பாளோ என்னவோ. ஆனால் அந்த நேரம் பார்த்து அவருக்குப் பழைய நேர்மை வந்துவிட்டது.

"தெரியல" என்றார்.

உள்ளே குளிர்பெட்டியில் மருந்து அடுக்கும் வேலை பாதியில் நின்றிருந்தது. அவள் அதைப் பார்க்கப் போனாள். திரும்பி வந்தபோது அத்தான் தெருவைக் கடந்துகொண்டிருந்தார்.

அக்கா அதற்குப் பின் பேசுவதில்லை. தங்கை முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டதால்தான் மேலாளர் மனசு மாறிவிட்டது என்று அம்மாவிடம் சொல்லியிருக்கிறாள். அம்மாவும் அதை நம்புகிறாள். இளையவள் ஞாயிற்றுக்கிழமைகளில் கடையைத் திறந்து வைக்கிறாள். முதலாளி கேட்கவில்லை, அவளாகத்தான்.