பால்குடமும் ஒற்றைச் சிறுநீரகமும்

திருவிழாவுக்காகச் செனாவாங், மம்பாவ் என்று பட்டணத்துப் பக்கம் குடிபோனவர்களெல்லாம் ரப்பர்த் தோட்டத்து மாரியம்மன் கோயிலுக்குத் திரும்பி வந்திருந்தார்கள். அத்தனை பேர் முன்னால், புஷ்பவள்ளி பால்குடத்தைத் தூக்கக் குனிந்தபோது கோயில் தலைவன் புவனேஸ்வரன் குறுக்கே வந்து நின்றான். வேறு யாருமில்லை, அவளுடைய சொந்தக் கொழுந்தன்.

"நீங்க எடுக்கக் கூடாதுலா, அண்ணி. புத்துநோய் வந்து ஒரு கிட்னி போயிடுச்சு. அதையும் ஆராய்ச்சிக்குத் தூக்கிக் கொடுத்துட்டீங்க. குறை உடம்பு சாமிக்கு ஆகாது."

புஷ்பவள்ளிக்குச் சுர்ரென்று ஏறியது. கொடுத்தது அவள்தான். கொடுத்ததை என்ன செய்தார்கள் என்று பார்த்தே தீருவேன் என்று ஆய்வுக்கூடத்தில் போய் அடம்பிடித்தவளும் அவள்தான்.

"என் கிட்னிய நான் கண்ணால பாத்தேன், புவனேசு. நல்ல சதையும் புத்துச் சதையும் சீவி, கண்ணாடித் துண்டுல பக்கத்துல பக்கத்துல வச்சிருந்தாங்க. சும்மா பாத்தா எனக்கு ரெண்டும் ஒண்ணாத்தான் தெரிஞ்சது. அப்புறம் ஒரு சாயத்த ஊத்துனாங்க. நல்லதுல அப்பிக்கிச்சு, புத்துல ஒட்டவே இல்ல. செல்லுக்கு மேல சர்க்கரை ஒட்டிக்கிட்டு இருக்குமாம். சாயம் அதுலதான் ஒட்டுமாம். புத்து வந்தா அந்தச் சர்க்கரை மாறிப்போயிடுமாம்."

"அதுக்கும் இதுக்கும் என்ன அண்ணி?"

உறுமிக்காரர்கள் அடிப்பதை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். புஷ்பவள்ளி யார் கையையும் எதிர்பார்க்காமல் குடத்தைத் தானே தலையில் ஏற்றிக்கொண்டாள்.

"படிச்சவங்களே சாயம் போட்டுப் பாத்துட்டுத்தான் வாயத் தொறந்தாங்க. நீ எந்தச் சாயத்தப் போட்டுப் பாத்து என்னை ஆகாதவள்னு சொன்ன? தள்ளி நில்லு!"