அம்பயரைச் சாப்பிட வைத்த சண்டை

டொன் எலிசேயோ எங்கள் தெருக்கோடியில் தனியாக இருந்தார். வாழ்நாள் முழுக்க பேஸ்பால் அம்பயராக நின்றவர். அவர் கையை உயர்த்தி 'அவுட்' என்றால் எங்கள் ஊர் சான் பெத்ரோவில் அதற்கு மேல் பேச்சே கிடையாது. மனைவி போய்ச் சேர்ந்த மறுவருஷம், குளியலறையில் வழுக்கி விழுந்து காலை உடைத்துக்கொண்டார். மாவுக்கட்டோடு அடுப்பு முன்னால் நிற்க முடியவில்லை. காப்பியும் பிஸ்கட்டுமாகப் பொழுதை ஓட்டினார். சட்டை தொளதொளவென்று தொங்க ஆரம்பித்தது.

பங்குக் கோயில் பெண்கள் சோறும் கோழிக்குழம்பும் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். வாங்கி, அவர்கள் கண்ணெதிரிலேயே நாய்க்கு வைத்தார்.

"நாய் நன்றி சொல்லுது. யாராவது ஏழைங்க இருந்தா அவங்களைப் போய்ப் பாருங்கம்மா" என்று கதவைச் சாத்திக்கொண்டார்.

தவக்காலத்தின் முதல் ஞாயிறு, பசித்தவருக்கு உணவளிப்பதைப் பற்றிச் சாமியார் நீளமாகப் பிரசங்கம் வைத்தார். பூசை முடிந்து வரும் வழியில் என் மனைவி சுனில்டா, என் தங்கை யோகாஸ்டாவின் காதில் ஏதோ சொன்னாள். இரண்டு பேரும் சிரித்த சிரிப்பைப் பார்த்தால் கோயிலிலிருந்து வருகிறவர்கள் மாதிரியே இல்லை.

மறுநாள் மத்தியானம் அம்பயர் வீட்டு வாசலில் ஒரே கூச்சல். சவாரியை இறக்கிவிட்டுவிட்டு என் வாடகை மோட்டார் சைக்கிளில் திரும்பிக்கொண்டிருந்த நான் பதறிப்போய் நிறுத்தினேன். ஆளுக்கொரு தட்டோடு இருவரும் மோதிக்கொண்டிருந்தார்கள்.

"உன் பீன்ஸ் குழம்பை வெச்சு சுவர் கட்டலாம்டி! அவ்வளவு பசை!"

"உங்க சோத்தை எங்க வீட்டுக் கோழிகூடக் கொத்தாது அண்ணி!"

விலக்கப் போனேன். சுனில்டா என் காலை நறுக்கென்று மிதித்தாள். "நீ குறுக்கே வராதே."

கதவு திறந்தது. ஊன்றுகோலோடு அம்பயர். "நிறுத்துங்க! ரூல் இல்லாம என்ன சண்டை இது?"

"நீங்களே ருசி பார்த்துச் சொல்லுங்க ஐயா" என்றாள் யோகாஸ்டா, வராத கண்ணீரைத் துடைத்துக்கொண்டு. "எது ஒசத்தி?"

அவர் இருவரையும் மேலும் கீழும் பார்த்தார். இரண்டு தட்டையும் வாங்கி நிதானமாகச் சாப்பிட்டார். நாய் வாலை ஆட்டிப் பார்த்துவிட்டுச் சலித்துப் படுத்துவிட்டது.

"ஒரு பந்தைப் பார்த்துட்டு மேட்ச் முடிஞ்சுதுன்னு சொல்வாங்களா? தவக்காலம் முழுக்கப் பார்க்கணும். பெரிய வெள்ளி அன்னிக்குத்தான் தீர்ப்பு" என்றார்.

அன்றிலிருந்து தினமும் அவருக்கு இரண்டு தட்டு போயிற்று. அவருக்குக் கன்னம் ஏறியது, எனக்கு இறங்கியது. நல்ல மீன் துண்டெல்லாம் அவருக்கு, தலையும் வாலும் எனக்கு.

சண்டை நடிப்புதானே என்று நானும் பொறுத்துக்கொண்டேன். ஆனால் மனிதர் நிஜமாகவே தீர்ப்புச் சொல்ல ஆரம்பித்தார். "இன்னிக்கு யோகாஸ்டா முந்திட்டா. சுனில்டா, உன் வாழைக்காய் வறுவல் அவுட்." அன்று ராத்திரி சுனில்டா பேசவே இல்லை. மறுநாள் யோகாஸ்டாவின் மீன் அவுட். அவள் எங்கள் வீட்டுப் பக்கம் வருவதையே நிறுத்தினாள். கொத்தமல்லி கடன் கேட்கக்கூட வேலிக்கு வெளியே நின்று என்னைத்தான் கூப்பிட்டாள்.

இதற்கு நடுவில் அம்பயர் இன்னொன்று செய்தார். கரும்புத் தோட்டத்து ஓரம் மிர்லாண்ட் என்றொரு ஹெய்ட்டிக்காரப் பெண் தனியாக இருந்தாள். நிறைமாதம். கரும்பு வெட்டப் போன புருஷன் திரும்பி வரவில்லை. தெருவில் பாதிப்பேர் அவளைப் பார்த்தும் பார்க்காதது போலப் போவார்கள். அவளைக் கூட்டிவந்து பக்கத்தில் உட்காரவைத்து, "ஒருத்தனே பார்த்தா தப்பு வரும். இவதான் ரெண்டாவது அம்பயர்" என்றார்.

அவள் இரண்டு தட்டிலும் சாப்பிட்டு, வாயைத் துடைத்து, அவளுக்குத் தெரிந்த கொஞ்சம் ஸ்பானிஷில் சொன்னாள்: "ரெண்டும் உப்பு கம்மி."

"கேட்டியா அவ சொன்னதை!" என்றாள் சுனில்டா.

"திமிரு அண்ணி!" என்றாள் யோகாஸ்டா. தங்களுக்குள் பேச்சு நின்றுபோனது அப்புறம்தான் ஞாபகம் வந்து, இருவரும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். ஆனால் மறுநாள் இரண்டு தட்டிலும் உப்பு சரியாக இருந்தது. இரண்டு பேர் சாப்பிடும் அளவும் இருந்தது.

கட்டுப் பிரிக்க அவரை ஆஸ்பத்திரிக்கு நான்தான் ஏற்றிப்போனேன். "ஐயா, அன்னிக்கு அது நெஜச் சண்டைன்னா நம்பினீங்க?" என்று கேட்டேன்.

"மேல படாத பந்துக்கு உருண்டு பொரண்டு அழுத பசங்களை எத்தனை பேரைப் பார்த்திருக்கேன்! உன் பொண்டாட்டி அந்தக் கத்து கத்தினா, தட்டு மட்டும் ஆடவே இல்ல. ஆறிடக்கூடாதுன்னு துணி வேற போட்டு மூடியிருந்தா."

"அப்ப கோயில்காரங்க குடுத்ததை ஏன் நாய்க்கு வெச்சீங்க?"

"அவங்க என்னைப் பார்த்த பார்வையில 'ஐயோ பாவம்' இருந்துச்சு. இதுங்க ரெண்டும் முழிச்ச முழியில குறும்புதான் இருந்துச்சு. குறும்புன்னா சாப்பிடலாம்டா."

பெரிய வெள்ளி வந்தது. பால், தேங்காய்ப்பால், சர்க்கரைவள்ளி எல்லாம் போட்டு சிவப்பு பீன்ஸ் பாயசம் காய்ச்சி வீட்டுக்கு வீடு கொடுக்கும் நாள். தீர்ப்பும் அதற்குத்தான். முந்தின நாளே யோகாஸ்டா காய்ச்சலில் படுத்துவிட்டாள்.

"அப்ப நீதான் ஜெயிச்சே" என்றேன் சுனில்டாவிடம்.

அவள் என்னை முறைத்தாள். தங்கை வீட்டுக்குப் போய் நெற்றியில் ஈரத்துணி போட்டுவிட்டு வந்தாள். வந்தவள் அடுப்பில் இரண்டு பானை ஏற்றினாள். ஒன்று அவள் பக்குவம். இன்னொன்றில் கிராம்பைக் குறைத்து, திராட்சையை அள்ளிப்போட்டு, யோகாஸ்டா செய்வது போலவே செய்தாள். "இது அவளோடதுன்னு சொல்லிக் குடு. வாயைத் திறந்தே, தொலைச்சுடுவேன்."

தெருவே கூடியிருந்தது. அம்பயரும் மிர்லாண்டும் மாறிமாறிச் சுவைத்தார்கள். காதோடு காதாகப் பேசினார்கள். அவர் ஊன்றுகோலைத் தூக்கினார்.

"யோகாஸ்டா பானை!"

சுனில்டாவின் முகத்தில் சிரிப்பும் ஆத்திரமும் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டன. எந்தப் பக்கம் திரும்பினாலும் தோற்றது அவள்தான், ஜெயித்ததும் அவள்தான். வாயைத் திறக்கவும் வழியில்லை.

மிச்சப் பாயசத்தை எடுத்துக்கொண்டு யோகாஸ்டா வீட்டுக்குப் போய், அவள் பானைதான் ஜெயித்தது என்று சொன்னோம். படுத்தபடியே ஒரு கரண்டி வாயில் வைத்தாள். கண்ணை மூடிச் சப்புக்கொட்டினாள். பிறகு அண்ணியின் கையைப் பிடித்துத் தன் சூடான கன்னத்தில் வைத்துக்கொண்டாள்.

"அடுத்த வருஷமும் நான்தான் ஜெயிக்கணும் அண்ணி. இன்னும் கொஞ்சம் திராட்சை போடுங்க."