பை கீழே

மூக்கைப் பொத்த உனக்கு இரண்டு கையும் வருகிறது, வாயைப் பொத்த ஒன்றாவது வருகிறதா, என்று அவள் நாத்தனாரிடம் கேட்கவில்லை. கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, மாமனாரின் உடம்புக்குள் சிறுநீர்க் குழாய் நுழையும் இடத்தை ஈரத்துணியால் துடைத்தாள். நாலு மாதமாகக் காலையும் மாலையும் செய்யும் வேலை. துடைக்கும்போது அவர் சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொள்வார். இன்று கண்ணே திறக்கவில்லை. உடம்பு அனலாகக் கொதித்தது. பையில் இறங்கியிருந்தது கலங்கலாக இருந்தது.

கதவோரம் நின்ற நாத்தனார், "வீடே நாறுது அண்ணி. உங்களுக்குப் பழகிப்போச்சு போல" என்றாள்.

"ஆமா. நேத்து வரைக்கும் இந்த நாத்தம் இல்ல."

நாத்தனார் மூக்கிலிருந்து கையை எடுத்தாள்.

நேற்று மதியம் அவள் புதுப் பை வாங்க மருந்துக் கடைக்குப் போயிருந்தாள். அந்த நேரம் பார்த்து நாத்தனாருக்குச் சம்பந்தியாகப் போகிறவர்கள் வந்தார்கள். கட்டிலோரம் தொங்கும் பை அவர்கள் கண்ணில் பட்டுவிடக் கூடாது. நாத்தனார் அதைக் குழாயோடு கொக்கியிலிருந்து கழற்றி அப்பாவின் வயிற்றின் மேல் வைத்து, போர்வையை இழுத்து மூடிவிட்டாள். கட்டிலுக்கு மேலே 'பை கீழே' என்று கொட்டை எழுத்தில் ஒட்டியிருந்த தாளையும் பிய்த்துத் தலையணைக்கு அடியில் செருகினாள். மருந்துக் கடைக்குப் போனவள் திரும்பி வருவதற்குள் இரண்டு மணி நேரம். வெளியே வந்த சிறுநீர் அத்தனை நேரமும் வந்த வழியே உள்ளே போயிருக்கிறது.

"நர்ஸ் வந்து கேட்டா, நீங்கதான் மறந்து மேல வச்சுட்டதா சொல்லிடுங்க அண்ணி" என்றாள் நாத்தனார். குரலில் திடீரென்று தேன். "அண்ணனுக்குத் தெரிஞ்சா என்னைக் கொன்னே போடுவார். நீங்க பொண்டாட்டி, ரெண்டு நாள் மூஞ்சியைத் தூக்கி வச்சுக்குவார், அவ்வளவுதான். நீங்க வாழ வந்த பொண்ணு, உங்களை யாரு என்ன சொல்லப்போறா?"

யாரு என்ன சொல்லவில்லை? சமையல், நடை, பிறந்த வீடு எல்லாவற்றுக்கும் இந்த வீட்டில் ஒரு சொல் உண்டு. கட்டிலில் கிடக்கும் இவரே, "கை விளங்காதவ" என்று பத்து பேர் முன்னால் சொன்னவர்தான். அவர்மேல் அவளுக்கு அன்பு இல்லை. இருப்பதாக நடிக்கவும் இல்லை. இந்த ஒரு வேலையில் மட்டும் எவரும் வாயைத் திறக்கக் கூடாது என்ற வீம்பில்தான் நாலு மாதமாக ஒரு காய்ச்சல்கூட வராமல் பார்த்துக்கொண்டாள். அந்த வீம்பைத்தான் இப்போது இவள் கேட்கிறாள், கொஞ்சம் உப்பு கேட்பதுபோல.

வாசல் மணி அடித்தது.

"நர்ஸ்தான். சொல்லிடுவீங்கல்ல அண்ணி?"

அவள் தலையணைக்கு அடியிலிருந்து தாளை எடுத்தாள். மடிப்பை விரலால் நீவி, பழைய இடத்திலேயே ஒட்டினாள்.

"எத்தனை நேரம் மேல இருந்துச்சுன்னு நர்ஸ் கேப்பாங்க. எனக்கு எப்படித் தெரியும்? நான்தான் வீட்டுல இல்லையே" என்றாள், சத்தம் உயர்த்தாமல். "நீயே சொல்லு."

ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு கதவைத் திறக்கப் போனாள்.