பெடல் அவள் காலில்

நிறுத்துவதற்காகத்தான் பெடலை ஓங்கி மிதித்தேன். இருபத்தெட்டு வருடம் பஸ் ஓட்டிய கால் அது. ஆபத்து என்றால் அதற்குத் தெரிந்தது ஒரே காரியம்தான், எதிரே இருப்பதை அடிவரை அமுக்குவது. தையல் மிஷினுக்கு பிரேக் கிடையாது, காலை எடுத்தால்தான் நிற்கும் என்று அதற்கு யார் சொல்வது? மிஷின் வெறி பிடித்துக் கத்திக்கொண்டு ஓடியது. என் மனைவியின் சாம்பல் நிறச் சீருடைச் சட்டை ஊசிக்கு அடியில் சுருண்டு சுருண்டு போனது. நான் இன்னும் அழுத்தினேன். கடைசியில் அவள்தான் பக்கத்து நாற்காலியிலிருந்து எட்டி, சுவரில் இருந்த சுவிட்சை அணைத்தாள். சட்டையை வெளியே இழுத்தபோது கையும் உடம்பும் ஒன்றாகத் தைபட்டு, நடுவில் ஒரு சாண் கிழிசலோடு வந்தது. அவள் அதைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். எழுந்து போய்விட்டாள். நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது.

டிப்போவில் எனக்கு ‘சடன் பிரேக்’ என்று பெயர். ஓய்வு பெற்று ஒரு வருடமாகியும் அந்தப் பெயர் ஓய்வு பெறவில்லை. அவளுக்கும் ஒரு பெயர் உண்டு, மூணாம் கவுண்டர். ஆஸ்பத்திரியில் நோயாளிகளின் பெயரைப் பதியும் இடத்தில் மூன்றாவது ஜன்னல் பத்தொன்பது வருடமாக அவளுடையது. ‘மூணாம் கவுண்டரம்மாகிட்ட போங்க, சீக்கிரம் முடியும்’ என்று காவலாளியே வருகிறவர்களிடம் சொல்லி அனுப்புவார். வீட்டில் நானும் அவளை அப்படித்தான் கூப்பிடுவேன். ஆறு மாதத்துக்கு முன்னால் அதே ஆஸ்பத்திரிக்குள் அவளையே ஸ்ட்ரெச்சரில் தள்ளிக்கொண்டு போனார்கள். பக்கவாதம். இடது பக்கம் முழுக்க விழுந்துவிட்டது. கால் திரும்பி வந்தது, கொஞ்சம் இழுத்துக்கொண்டு. பேச்சு திரும்பி வந்தது, முன்பைவிட இரண்டு மடங்காக. இடது கை மட்டும் வரவில்லை.

இப்போது ஆஸ்பத்திரி நிர்வாகத்திலிருந்து கடிதம் வந்திருந்தது. பதினைந்து நாளில் வேலைக்குத் திரும்ப வேண்டும், இல்லையென்றால் அந்த இடத்துக்கு வேறொருவரைப் போடுவார்கள். டாக்டர் போகலாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டார். கம்ப்யூட்டரை ஒற்றைக் கையால் தட்டவும் பழகிவிட்டாள், இரண்டு கையால் நான் தட்டுவதைவிட வேகம். ஆனால் அவளோ போகமாட்டேன் என்று ஒரே பிடிவாதமாக இருந்தாள். காரணத்தை அவள் வாயிலிருந்து பிடுங்க எனக்கு இரண்டு நாள் ஆனது. சீருடைப் பேன்ட்டின் கொக்கியும் ஜிப்பும் ஒரு கைக்கு அடங்கவில்லை. வீட்டில் மாட்டிவிட நான் இருக்கிறேன். அங்கே?

“பாத்ரூம் போயிட்டு வர்ற ஒவ்வொரு தடவையும் யாரையாவது கூப்பிட்டு, கொஞ்சம் என் பேன்ட்ட மாட்டி விடுங்கன்னு நிக்கணுமா? அதுக்கு நான் வீட்லயே இருந்துக்கறேன்.”

கடையில் விற்கும் எலாஸ்டிக் பேன்ட் சீருடை ஆகாது. கொக்கியை எடுத்துவிட்டு ஒட்டிப் பிரிக்கிற பட்டை வைத்துத் தரமுடியுமா என்று தெருமுனை டெய்லரிடம் கேட்கப் போனாள். அது சின்னப் பிள்ளைகளுக்கு வைப்பதாச்சே என்று அந்த ஆள் சிரித்திருக்கிறார். துணியைச் சுருட்டிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்துவிட்டாள். எனக்கு வந்த ஆத்திரத்தில், எவன் தயவும் வேண்டாம், நானே தைத்துத் தருகிறேன் என்று வீறாப்பாகச் சொல்லிவிட்டேன். ஊசியில் நூல் கோர்க்கக்கூட எனக்குத் தெரியாது என்பது சொல்லி முடித்த பிறகுதான் ஞாபகம் வந்தது.

மிஷின் மச்சினியுடையது. ஏதோ ஆசையில் வாங்கி, நாலு வருடமாக அலமாரி மேல் அட்டைப்பெட்டியிலேயே குடிவைத்திருந்தாள். எடுத்துக்கொண்டு போங்கள், இடமாவது காலியாகட்டும் என்றாள். வெள்ளை நிறம், மின்சாரத்தில் ஓடுவது, ஒரு கையில் தூக்கிவிடலாம். சாப்பாட்டு மேசையில் வைத்து, பெடல் வயரைச் செருகி, நூலைக் கொக்கி கொக்கியாகச் சுற்றி ஊசிவரை கொண்டுவந்தேன். பழைய தலையணை உறையை வைத்து ஓட்டிப் பார்த்தால், மேலே நல்ல தையல், கீழே திருப்பினால் ஒரு பிடி நூல் கந்தலாகச் சிக்கிக் கிடந்தது. அடியில் சிக்கு விழுந்தால் கோளாறு அடியில்தானே? அடிநூல் சுற்றிய பாபினைக் கழற்றினேன், துடைத்தேன், எண்ணெய் விட்டேன், திரும்பவும் மாட்டினேன். திரும்பவும் சிக்கு. இரண்டாம் முறை திருப்புளியை எடுத்து அடித்தகட்டையே கழற்றிவிட்டேன். மிஷினோடு வந்த புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதில் என்ன போட்டிருக்கிறது என்று முதல் நாளே சொல்ல வந்தாள். நான் புத்தகம் படித்தா பஸ் ஓட்டினேன் என்று வாயை அடைத்திருந்தேன். பட்டால்தான் எனக்குப் புத்தி வரும் என்று விட்டுவிட்டாள் போல. திருப்புளியை நான் மறுபடியும் எடுத்தபோதுதான் வாயைத் திறந்தாள்.

“கோளாறு மேல இருக்கு. துணிய அமுக்கிப் பிடிக்கிற கால இறக்கி வச்சுட்டு நூல் கோத்தா, நூல் உள்ள போய் உக்காராதாம். பதினாலாம் பக்கம்.”

மிஷின் காலைத் தூக்கி, நூலை உருவி, முதலிலிருந்து கோர்த்தேன். கீழ்ப்பக்கமும் வரி பிடித்தாற்போல் வந்தது. அசடு வழிய நின்றேன். அவள் புத்தகத்தை மூடினாள். அப்போதே அவள் பேச்சைக் கேட்டு நடந்திருக்க வேண்டும். ஆனால் தையல் வந்துவிட்ட குஷியில், அன்று மத்தியானமே சீருடையில் கை வைத்தேன். பெடலை பிரேக் என்று மிதித்ததும் சட்டை கந்தலானதும் அப்போதுதான். இருந்தது இரண்டே செட். புதுத் துணி அடுத்த வருடம்தான் கொடுப்பார்கள். மிச்சம் ஒரு செட், ஒன்பது நாள்.

மறுநாள் காலையில் நான் மேசைக்குப் பக்கத்திலேயே போகவில்லை. மிஷினை மச்சினி வீட்டில் திருப்பிக் கொடுத்துவிடலாமா என்று பேப்பருக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு யோசித்துக்கொண்டிருந்தேன். நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது. அவள் ஒரு நாற்காலியை மேசையின் வலது ஓரத்தில் போட்டு, உட்கார்ந்து, பெடலைத் தன் பக்கம் இழுத்துச் செருப்பைக் கழற்றிவிட்டு வலது காலை அதன்மேல் வைத்தாள்.

“நீங்க வந்து திருப்புங்க. வேகம் என்கிட்ட இருக்கட்டும்.”

எனக்குச் சுருக்கென்றது. பஸ்ஸில் என்னை எழுப்பிவிட்டு வேறொருவன் உட்கார்ந்த மாதிரி இருந்தது. ஆனால் பேச எனக்கு என்ன யோக்கியதை? ஊசிக்கு எதிரே உட்கார்ந்தேன். கிழிந்த படுக்கைவிரிப்பில் சாக்குக்கட்டியால் கோடு போட்டோம். அவள் கால்விரல் நுனியால் பெடலைத் தொட்டாள். மிஷின் டக், டக், டக் என்று ஒவ்வொரு தையலாகப் போட்டது. இதே மிஷினா நேற்று அந்த ஆட்டம் ஆடியது? முதல் கோடு குடிகாரன் நடந்ததுபோல் வளைந்தது. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவதில்தான் எனக்கு உறைத்தது, நான் ஊசியையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டு எந்த மடையனாவது பஸ் ஓட்டுவானா? ஊசியை விட்டுவிட்டு முன்னால் வரப்போகிற கோட்டைப் பார்த்தேன். துணி தன்னால் நேராகப் போனது. முனை வந்ததும் அவள் நிறுத்தினாள், ஊசி துணிக்குள் இறங்கியிருக்க, நான் மிஷின் காலைத் தூக்கித் துணியைத் திருப்பினேன். கன கச்சிதமான திருப்பம். ‘ரைட்’ என்றேன், கண்டக்டர் சொல்லிக் கேட்ட பழக்கதோஷம். அவள் காலை அழுத்தினாள்.

மூன்று நாள் வெறும் விரிப்பில் ஓட்டினோம். சண்டை இல்லாமல் இல்லை. அவள் மெதுவாகப் போகிறாள் என்று நான் முணுமுணுக்க, உங்கள் வேகத்தைத்தான் பார்த்தோமே என்று அவள் கிழிந்த சட்டையை மோவாயால் காட்ட, அதோடு நான் அடங்கிவிடுவேன். நாலாம் நாள் பேன்ட். கொக்கியையும் ஜிப்பையும் பிரித்துவிட்டு அகலமான பட்டை, பின்பக்க இடுப்பில் எலாஸ்டிக். அவளுக்குக் கொடுக்கும் முன் சரிவருமா என்று பார்க்க, என்னுடைய பேன்ட் ஒன்றுக்கும் அதேபோல் தைத்தோம். என் இடது கையைப் பனியனுக்குள் சொருகிக்கொண்டு போட்டுப் பார்த்தேன். வலது பக்கம் மேலே வந்தால் இடது பக்கம் கீழே போனது. இடது பக்கத்தைப் பிடிக்கப் போய், கால் மடங்கி, கட்டிலில் குப்புற விழுந்தேன். அவள் சிரித்தாள். சுவரைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வர, நிறுத்த முடியாமல் சிரித்தாள். ஆறு மாதத்தில் அந்தச் சத்தத்தை அன்றுதான் கேட்டேன். எழுந்திருக்க மனமில்லாமல் இன்னும் கொஞ்ச நேரம் விழுந்தே கிடந்தேன். சிரித்து முடித்ததும் அவளே வழி சொன்னாள், இடுப்பின் இடது ஓரத்தில் உள்பக்கமாக ஒரு துணி வளையம். அதில் ஒரு விரலை மாட்டி இழுத்தால் அந்தப் பக்கமும் ஏறிவிடும். வைத்தோம். ஏறியது.

அடுத்தது அந்த ஒற்றைச் சட்டை. இடது கைத் தையலை மணிக்கட்டிலிருந்து கக்கம்வரை பிரித்தாள், பல்லாலும் ஒரு பிளேடாலும். என்னைத் தொட விடவில்லை. கையை மேசைமேல் நீட்டி, அடியில் சட்டையை விரித்து, மேலே மூடி ஒட்டிக்கொள்ள வேண்டும், அதுதான் யோசனை. பட்டை உறுத்தாமல் இருக்க உள்ளே மெத்தென்று ஒரு துணி. முன்பக்கம் பட்டன்கள் மேலே தெரியட்டும், வேலை செய்வது அடியில் இருக்கும் பட்டை. கக்கத்து வளைவில் நாலு மடிப்புத் துணி ஒன்றாக வந்தது. இது போனால் எல்லாம் போச்சு. அவள் பெடலிலிருந்து காலையே எடுத்துவிட்டு, பக்கத்துச் சக்கரத்தைக் கையால் சுற்றச் சொன்னாள். ஒரு சுற்று, ஒரு தையல். அரை அடி வளைவைத் தாண்ட அரை மணி நேரமானது. தாண்டியதும் அவள் நூலை அறுத்தாள், நான் மூச்சு விட்டேன்.

வேலையில் சேர வேண்டிய நாளுக்கு முதல் நாள் காலை, இரண்டையும் எடுத்துக்கொண்டு அறைக்குள் போய்க் கதவைத் தாழ்போட்டாள். கூப்பிட்டால் ஒழிய வரக்கூடாது என்று உத்தரவு. வெளியே நின்றேன். உள்ளே பட்டை பிரியும் சத்தம். ஒட்டும் சத்தம் இல்லை. மறுபடி பிரியும் சத்தம். ஏதோ கீழே விழுந்தது. கதவைத் தட்டக் கை போனது, மடக்கிப் பின்னால் வைத்துக்கொண்டேன். கால் மணி நேரம் கழித்துத் தாழ் திறந்தது. மூணாம் கவுண்டர் நின்றுகொண்டிருந்தாள், சாம்பல் சட்டை, சாம்பல் பேன்ட், வரிசையாகப் பட்டன், ஆறு மாதம் நடந்ததெல்லாம் பொய் என்பதுபோல. காலர் மட்டும் ஒரு பக்கம் உள்ளே மடங்கியிருந்தது. எடுத்துவிடக் கையை நீட்டினேன். ஓரடி பின்னால் போய், தானே எடுத்துவிட்டாள். பிறகு என்னைத் தாண்டி நடந்து பாத்ரூமுக்குள் போய் அந்தக் கதவையும் தாழ்போட்டாள். நிஜப் பரீட்சை அதுதான் என்று எனக்கும் தெரியும். தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்டது. கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. அப்புறம் ‘தப்’பென்று அழுத்தமாக ஒரே ஒட்டு. வெளியே வந்தவளைப் பார்த்து எனக்கு அழுகை வந்துவிட்டது, மறைக்கவும் இல்லை.

மறுநாள் அவளை ஆஸ்பத்திரியில் விட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விடுவதாகச் சொன்னேன். போகவில்லை. கூடத்தில் தூண் ஓரமாக ஒரு பெஞ்சில் உட்கார்ந்துகொண்டேன். பத்து மணிக்கு மேல் அவள் எழுந்து உள்பக்கம் போனாள், தனியாக. ஐந்து நிமிடத்தில் தனியாகத் திரும்பி வந்தாள். நிமிர்ந்துதான் வந்தாள். இரண்டாம் ஜன்னலில் ஆள் குறைவாக இருந்தும் வரிசை அவள் பக்கமே நீண்டது. கண்ணாடிக்குப் பின்னாலிருந்து அவள் பேசினால் ஒலிபெருக்கி வழியாகக் கூடம் முழுக்கக் கேட்கும். வரிசையில் ஒரு பெண், கையில் கட்டுப் போட்ட கணவனைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு நின்றாள். அவர் சட்டையின் ஒரு கை காலியாகத் தொங்கியது. சீட்டு வாங்கிய பிறகும் நகராமல் என் மனைவியின் சட்டைக் கையையே குனிந்து பார்த்தாள், எங்கே தைத்தது என்று கேட்டாள் போல.

மூணாம் கவுண்டர் தலையைத் தூக்கி நேராகத் தூணைப் பார்த்தாள். நான் இருப்பது அவளுக்கு முதலிலிருந்தே தெரியும்.

“தையல் அதோ அவரு. ஓட்டினது நானு.”

கூடம் முழுக்கக் கேட்டது. இருந்த எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள். அந்தப் பெண் கணவனைக் கூட்டிக்கொண்டு என்னை நோக்கி வர ஆரம்பித்தாள். எனக்கு எங்கே பார்ப்பதென்று தெரியாமல் தலையைக் குனிந்தேன். கவுண்டர் பலகைக்கு அடியில் ஒரு சாண் இடைவெளி இருந்தது. அதன் வழியாக அவள் வலது கால் தெரிந்தது. செருப்பைக் கழற்றிவிட்டிருந்தாள். அடுத்த ஆளின் பெயரைக் கேட்டுக்கொண்டே, விரல் நுனியால் தரையை மெல்ல மெல்ல அழுத்திக்கொண்டிருந்தாள்.