தண்ணி என்று எழுதிய பாட்டில்கள்

ஜெபசுதா அந்த வேலைக்குச் சேர்ந்தது ஒரே காரணத்துக்காகத்தான். அவளுடைய அண்ணன் ஜாக்சனின் கை தப்பிக்க வேண்டும். துறைமுகத்தை ஒட்டி நிற்கிற டேங்குகளில் தோலை அரிக்கிற காஸ்டிக் சோடாவைக் கழுவுகிறவன் ஜாக்சன். அப்பா போனபிறகு அந்தக் கைதான் அவளைச் சாயர்புரத்தில் படிக்க வைத்தது. இனி ஆளுக்கு முன்னால் ஓர் இயந்திரக் கை உள்ளே போய்த் தொட்டுப் பார்க்கும் என்று ஒரு கம்பெனி சொன்னதும், அவள் ஓடிப்போய்ச் சேர்ந்துகொண்டாள்.

கை என்னவோ அருமையான கைதான். பேய்க்கணவாய் என்கிற எட்டுக்கைக் கடல் பிராணி தன் கையால் தொட்டே ருசி பார்க்குமாம். அதைப் பார்த்துச் செய்த மெல்லிய தோலை இயந்திரக் கையின் விரல்களில் ஒட்டியிருந்தார்கள். எண்ணெயோ அமிலமோ தண்ணீரோ, தொட்ட மாத்திரத்தில் சொல்லிவிடும். ஆனால் எது எது என்று முதலில் யாராவது அதற்குச் சொல்லிக்கொடுக்க வேண்டுமே! அந்தப் பொறுப்பு ஜெபசுதாவுக்கு வந்தது. டேங்குகளிலிருந்து அறுபது பாட்டில் பிடித்து வந்து முத்தையாபுரத்து வீட்டில் அண்ணன் முன்னால் வரிசையாக வைத்தாள்.

"இது கஞ்சி. இது மோர். இந்தா, இங்கன இருக்கது எல்லாம் தண்ணி," என்றான் ஜாக்சன்.

டேங்க் கழுவுகிறவர்களின் பேச்சு அது. முதல் கழுவல் கஞ்சி, இரண்டாவது மோர், மூன்றாவது தண்ணி. தண்ணி என்று சொன்னாலும் அதிலும் காஸ்டிக் இருக்கும்; கையுறை போடாமல் ஒருத்தரும் அதில் கை வைக்க மாட்டார்கள். அவர்களுக்குள் அதைச் சொல்லிக்கொள்ளத் தேவையே வந்ததில்லை. கஞ்சிக்கும் மோருக்கும் என்ன அர்த்தம் என்று கேட்டு எழுதிக்கொண்ட படித்த புள்ளைக்கு, தண்ணிக்கு அர்த்தம் கேட்கத் தோன்றவில்லை. பதினேழு பாட்டிலைத் தண்ணீர் என்று கணினியில் ஏற்றினாள்.

சென்னையிலிருந்து பெரிய ஆட்கள் பார்க்க வந்த நாளில், இயந்திரக் கை டேங்குக்குள் இறங்கித் தொட்டது. பச்சை விளக்கு எரிந்தது. திரையில் தண்ணீர் என்று வந்தது. மேலாளர் செந்தில்முருகனுக்குத் தலைகால் புரியவில்லை.

"உறையைக் கழட்டிட்டு இறங்குங்க, ஜாக்சன். போட்டோ எடுக்கணும்."

ஜாக்சன் தங்கையைப் பார்த்தான். "தைரியமா இறங்குண்ணே," என்றாள் அவள். எவ்வளவு பெருமையாகச் சொன்னாள், பாவி!

அவன் பூட்ஸோடு இறங்கினான். குனிந்து, அடியில் இருந்த அடைப்பை வெறுங்கையால் துழாவினான். ஒரு நொடி முகம் மாறியது. பிறகு மேலே பார்த்துச் சிரித்தான். அடைப்பை எடுத்து, படிந்திருந்ததை எல்லாம் வழித்துப் போட்டு அவன் ஏறிவர இருபத்தைந்து நிமிடம் ஆயிற்று. காஸ்டிக் உடனே எரிக்காது. எரிய ஆரம்பித்தபோது உள்ளே நரம்பு வரைக்கும் போயிருந்தது.

ஆஸ்பத்திரியில் இரண்டு மாதம். தொடையிலிருந்து தோல் எடுத்து ஒட்டினார்கள். விரல்களின் நீளமும் கனமும் இருந்த மாதிரியே இருந்தன, உணர்வு மட்டும் திரும்பவில்லை. இனி திரும்பாது என்று டாக்டர் அவளைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார். கம்பெனி பதினேழு பாட்டிலின் பெயரையும் ஒரே மத்தியானத்தில் மாற்றியது. இப்போது அந்தக் கை எந்த டேங்கிலும் தப்பாகச் சொல்வதில்லை.

வீட்டுக்கு வந்த அன்று அவள் கேட்டாள். "ஒனக்குத் தெரியலையாண்ணே?"

"தொட்டதுமே தெரிஞ்சிட்டு. காஸ்டிக்கு மாதிரி வழுவழுன்னு இருந்துச்சு."

"பெறவு ஏன் ஏறி வரல?"

"அத்தன பேர் நிக்காங்க. ஒன் மெஷின் பொய் சொல்லுதுன்னு நான் எப்படிளா சொல்ல?"

ஜெபசுதா சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அவளைத் தேற்ற வேண்டும் என்றுதானோ என்னவோ, அவன் குடிக்கக் கேட்டான். அவள் கொண்டுவந்த டம்ளரை இரண்டு உள்ளங்கைகளுக்கு நடுவே வாங்கி, கண்ணால் பார்த்துப் பார்த்துப் பிடித்துக்கொண்டான்.

"ஏளா, இது சுடுதண்ணியா, பச்சத்தண்ணியா?"

தண்ணி என்ற சொல் அவள் வாயில் வரவில்லை. டம்ளரை வாங்கித் தன் விரலை உள்ளே விட்டுப் பார்த்தாள். பிறகு டம்ளரை அவன் வாயில் வைத்தாள்.